மூக்கும் செவியும்: ஒரு மறைவழியின் வரலாறு

வாடைக் காற்று வீசத் தொடங்குங் காலத்தில் யாழ்ப்பாணத்து வீடுகளிலே பெரிதும் கேட்கப்படும் முறைப்பாடு ஒன்றுண்டு. பிள்ளைக்கு முதலிலே தும்மல் வரும். அடுத்து மூக்கால் நீர் ஓடும். பின்னர் மூக்கு அடைத்துக்கொள்ளும். நாலைந்து நாட் கழிந்ததும் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அழும். அல்லது கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாதிருக்கும். “தடிமன் காதுக்குள் இறங்கிவிட்டது” என்பர் வீட்டு முதியோர். மூக்கிலே தோன்றிய நோய் செவியைச் சென்று பற்றும் என்பதை அவர்கள் எந்நூலிலும் கற்றாரல்லர். பிள்ளைகளை வளர்த்த பட்டறிவாற் கண்டனர்.

ஆயின், தடிமன் எவ்வழியால் இறங்கிற்று என்று வினாவினால், விடை எளிதன்று. மூக்கின் துளையும் செவியின் துளையும் முகத்தில் வெவ்வேறிடங்களில் உள்ளன. இரண்டையும் இணைக்கும் வழி கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அவ்வழியைக் கண்டறிதற்கும், அது தூர்ந்தால் விளைவது யாதென உணர்தற்கும், தூர்க்குங் காரணங்களுள் ஒவ்வாமையும் ஒன்றென நிறுவுதற்கும் மனித அறிவுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற் சென்றன. அவ்வரலாற்றிலே யாழ்ப்பாணத்துக்கும் ஓர் இடமுண்டு. பள்ளிக்கூடத்தின் கடைசி வாங்கிலிருந்து விடை கூறாது விழிக்கும் பிள்ளையின் வாழ்வோடு இவ்வரலாறு நேரே தொடர்புடையதாதலின், இது மருத்துவர்க்கு மாத்திரம் உரியதன்று.

பழையோர் கண்டவை

கிரேக்க அறிஞருள் கிறித்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டளவில் வாழ்ந்த அல்க்மையோன் என்பார், வெள்ளாடுகள் செவியாலும் மூச்சு விடுகின்றன என்று கூறினாராம். அரித்தோத்தில் தமது விலங்கு வரலாற்று நூலில் இக்கூற்றை எடுத்து மறுத்துள்ளார். ஆயின் அதே நூலில், செவியிலிருந்து மூளைக்கு வழியில்லையென்றும், வாயின் அண்ணத்துக்கு வழியுண்டென்றும் அவர் குறித்துள்ளமை கருதத்தக்கது. ஆட்டின் செவி மூச்சு விடுவதில்லை என்பது மெய்யே. எனினும், காற்றுச் செல்லும் ஒரு வழி அங்கே உண்டென்ற அல்க்மையோனின் கூற்று முற்றும் பொய்யுமன்று. பிழையான முடிபொன்றினுள்ளே சரியான காட்சியொன்று பொதிந்திருத்தலை அறிவியல் வரலாறு பன்முறை காட்டுகின்றது.

பாரத நாட்டிலே சுசுருதர் பெயரால் வழங்கும் நூல் இத்துறையில் மிகத் தெளிவானது. அதன் உத்தர தந்திரப் பகுதி செவிநோய்களை 28 எனவும், மூக்குநோய்களை 31 எனவும் வகுக்கின்றது. இரண்டையும் அடுத்தடுத்த அத்தியாயங்களில் வைத்த பின்னர், நீர்க்கோவையைத் தனியோர் அத்தியாயமாக அந்நூல் விரிக்கின்றது. மருத்துவஞ் செய்யாது விடப்பட்ட நீர்க்கோவை முற்றிப் பீனிசமாகிக் கொடிய விளைவுகளைத் தரும் என்று அங்கே கூறப்படுகின்றது; அவ்விளைவுகளுள் மணமறியாமையோடு செவிடும் எண்ணப்படுகின்றது. செவியிற் படிந்த மலம் இளகி மூக்கையும் வாயையும் அடையும் ஒரு நோயையும் அந்நூல் கூறும். குழாயை அறுத்துக் காணாமலே, நோயின் போக்கை உற்று நோக்கிய கண்களுக்கு இரண்டுறுப்புக்களின் உறவு தோன்றியிருக்கின்றது என்பதற்கு இவை போதிய சான்று.

யாழ்ப்பாணத்து மருத்துவ மரபும் இவ்வழியே சென்றது. ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்தனவாகக் கொள்ளப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் நீண்டகாலம் ஏட்டுச் சுவடிகளாகப் பரம்பரை வைத்தியர் வீடுகளிலே பேணப்பட்டன. பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை 1928 முதற் பல பாகங்களாக அச்சேற்றினார். அதன் முதற் பாகம் தலைநோய்களைப் பற்றியது. மூக்கு, செவி, கண், தொண்டை ஆகியவற்றின் பிணிகளைத் தலைநோயோடு சேர்த்தே நோக்குவது இம்மரபின் இயல்பு. மூக்கிலே மருந்து விடும் நசியம், இலைகளை அவித்து ஆவி பிடிக்கும் வேது, தலைக்கு எண்ணெய் வைத்து முழுகுதல் என்பவற்றாலே தலையின் அடைப்பை நீக்க முயன்றனர். அவர்கள் கபம் என்று பெயரிட்டதனை இன்றைய மருத்துவம் அப்பெயரால் அழைப்பதில்லை. ஆயினும், காதுக்கு மருந்து தேடுமிடத்து மூக்கையும் நோக்குக என்னும் நெறி அவர்கள் கைக்கொண்ட நெறியேயாம்.

இத்தாலியர் கண்ட குழாய்

உறவை உணர்தல் வேறு. அவ்வுறவின் வழியைக் காட்டுதல் வேறு. வழியைத் தெளிவாகக் காட்டியவர் பதினாறாம் நூற்றாண்டில் உரோமாபுரியிலே உடற்கூறு கற்பித்த பார்த்தொலொமேயோ ஊத்தேக்கியோ ஆவார். 1564இல் வெளிவந்த அவருடைய உடற்கூற்று நூற்றொகுதியிற் செவியைப் பற்றிய பகுதி ஒன்றுண்டு. மூக்கின் பின்புறத்தே தொண்டையின் மேற்பகுதியிலிருந்து நடுச்செவிக்குச் செல்லும் ஒடுங்கிய குழாயை அவர் அதில் விவரித்தார். மருந்தை உட்செலுத்துவதற்கும் தீயநீரை வெளிப்படுத்துவதற்கும் மருத்துவர்க்கு இவ்வறிவு உதவும் என்றும் அவர் எதிர்நோக்கினார். ஏறக்குறைய 140 ஆண்டுகளின் பின்னர், 1704இல், போலோஞ்ஞா நகரத்து அந்தோனியோ மரியா வல்சல்வா மனிதச் செவியைப் பற்றிய தமது பெருநூலை வெளியிட்டார். செவியைப் புறச்செவி, நடுச்செவி, உட்செவி என மூன்றாக வகுத்தவரும், அக்குழாய்க்கு ஊத்தேக்கியோவின் பெயரை இட்டவரும் அவரே. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மூச்சை உந்தினாற் காற்றுச் செவிக்குட் புகும் என அவர் காட்டிய முறை இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

ஈண்டு அக்குழாயின் தொழிலைச் சுருங்கக் கூறுதல் நன்று. புறச்செவியின் உட்கடையிலே செவிப்பறை என்னும் மெல்லிய சவ்வு உண்டு. அதற்கு அப்பாலுள்ள சிறு காற்றறையே நடுச்செவி. செவிப்பறையின் அதிர்வை உட்செவிக்குக் கொண்டுசெல்லும் மூன்று சிற்றென்புகள் அவ்வறையிலே தொடுக்கப்பட்டுள்ளன. பறை நன்கு அதிர வேண்டுமாயின் அதன் இருபுறத்துங் காற்றின் அழுத்தம் ஒத்திருத்தல் வேண்டும். உட்புறத்துக்குக் காற்றைக் கொண்டுவருவது இக்குழாய். அது வழக்கமாக மூடியிருக்கும். விழுங்கும்பொழுதும் கொட்டாவி விடும்பொழுதும் கணநேரந் திறக்கும். நடுச்செவியிற் சுரக்கும் நீரைத் தொண்டைக்கு வடித்தலும், தொண்டையிலுள்ள கிருமிகள் மேலேறாது காத்தலும் அதன் ஏனைய தொழில்கள். வளர்ந்தோரில் அது ஏறத்தாழ 36 மில்லிமீற்றர் நீளமுடையதாய்ச் சரிந்து கிடக்கும். குழந்தையில் அதன் நீளம் ஏறக்குறைய அதிற் பாதியே; கிடையும் ஏறத்தாழக் கிடைமட்டம். பெரியோருக்குத் தடிமனோடு நீங்கும் நோய் குழந்தைக்குச் செவிவரை செல்வதற்கு இவ்வமைப்பே முதற் காரணம்.

அறிஞர் கண்ட வழியை முதலிற் பயன்படுத்த முயன்றவர் மருத்துவருமல்லர் என்பது வியப்புக்குரியது. பிரான்சு தேசத்து வெர்சாய் நகரிலே அஞ்சல் நிலையத் தலைவராயிருந்த குயோ என்பார் தமது செவிட்டுக்குப் பரிகாரந் தேடி, வளைந்த குழலொன்றை வாய்வழியே செலுத்தி அக்குழாயின் வாயைக் கழுவும் முறையொன்றை அமைத்தார். அதனை 1724இற் பாரிசு நகரத்து அறிவியற் கழகத்துக்கு அறிவித்தார். 1741இல் ஆங்கிலப் படை மருத்துவர் கிளீலந்து என்பார், வாயை விட மூக்கே ஏற்ற வழி எனக் காட்டினார். செவிக்கு மருந்து மூக்கின் வழியே செல்லத் தொடங்கியது.

வியன்னாவும் கொப்பனேகனும்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே செவிமருத்துவந் தனித்துறையாயிற்று. வியன்னாவின் ஆதாம் பொலிற்சர் 1863இல் ஓர் எளிய முறையை வெளியிட்டார். நோயாளி ஒரு மிடறு நீரை விழுங்குங் கணத்திலே, மூக்குத் துளையில் வைத்த இறப்பர்ப் பையை மருத்துவர் அமுக்குவார். விழுங்குதலாற் குழாய் திறக்கும். காற்று நடுச்செவிக்குட் புகும். குழலைச் செலுத்தும் நோவின்றிக் குழந்தைகளுக்குஞ் செய்யத்தக்க முறையாதலின் இது விரைவிற் பரவிற்று. குழாய் அடைபட்டால் அறையிலுள்ள காற்றை அறையின் மென்றோல் உறிஞ்சிவிடும், வெறுமை தோன்றும், பறை உள்ளே இழுக்கப்படும், மென்றோலிலிருந்து நீர் கசிந்து அறையை நிரப்பும் என்னும் விளக்கம் அக்காலத்தே உருப்பெற்றது. சீழ் இல்லை, நோவில்லை, காய்ச்சலில்லை. ஆயினுங் கேள்வி குறைகின்றது. இந்நோயின் கொடுமை அதன் அமைதியிலேயே உள்ளது.

அதே காலத்தில் கொப்பனேகனிலே வில்கெல்ம் மேயர் என்னும் மருத்துவரிடம் கேள்வி மந்தமும் அடைத்த குரலுமுடைய இளம்பெண் ஒருத்தி வந்தாள். அண்ணத்தின் பின்னே விரலைச் செலுத்தி அவர் ஆராய்ந்தார். மூக்கின் பின்வாயை மெல்லிய தசை வளர்ச்சி நிரப்பிக் கிடந்தது. அதனை நீக்கினார், அவள் நலமடைந்தாள். 1868இல் இதனை வெளியிட்ட மேயர் அவ்வளவில் நின்றாரல்லர். பள்ளிக்கூடங்களுக்குச் சென்று பிள்ளைகளின் தொண்டையை ஆராய்ந்து, எத்தனை பேரிடத்து இவ்வளர்ச்சி உண்டெனக் கணக்கிட்டார். வாயைத் திறந்தபடி மூச்சு விடும் பிள்ளை, கவனமற்றதாய்த் தோன்றும் பிள்ளை, ‘மந்தன்’ எனப் பெயர்பெற்ற பிள்ளை ஆகியோரைப் பற்றிய கருத்தை மாற்றியமையே அவருடைய பெருந்தொண்டு. குறை மூளையிலன்று, மூக்கின் பின்வாயிலுள்ளது என்று அவர் காட்டினார்.

மானிப்பாயிலே

பொலிற்சரும் மேயரும் தத்தம் ஆய்வுகளை வெளியிட்ட அதே பத்தாண்டிலே, அவ்வாய்வுகளுக்கு அடிப்படையான உடற்கூற்றறிவு யாழ்ப்பாணத்திலே தமிழ் உருவம் பெற்றுக்கொண்டிருந்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயிலே மருத்துவ நிலையத்தையும் மருத்துவ வகுப்பையும் தொடங்கினார். இடையிலே தாய்நாடு சென்று 1862இல் மீண்டும் வந்த அவர், 1864 முதல் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழ்மொழியிலேயே கற்பித்தார். மாணவர் தம் ஊரிலே, தம் மக்களிடையே வாழும் வைத்தியராதல் வேண்டும். அதற்கு அவர்கள் பயிலும் மொழி மக்கள் மொழியாதல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

பாடநூலின்றிப் பாடம் நடவாது. ஆகவே கிறீன் தம் மாணவரின் துணையோடு நூல்களைத் தமிழாக்கினார். கற்றர் என்பாரின் உடற்கூற்று நூல் 1857இல் ‘அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம்’ என்னும் பெயரால் வெளிவந்தது. துரூயிற்றின் அறுவை மருத்துவ நூல் ‘இரண வைத்தியம்’ என 1867இலும், கிறேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என 1872இலும் தமிழுக்கு வந்தன. கிறேயின் ஆங்கில நூல் மேனாட்டிலே மருத்துவ மாணவர் கையில் ஏந்திய முதனூல். மூக்கு, செவி முதலிய பொறிகளின் அமைப்பை விரித்துரைப்பது. 1858இலேதான் முதன்முதல் அச்சேறியது. பதினான்கு ஆண்டுகளுள் அது தமிழிற் கிடைத்தது என்பதை எண்ணினால், மானிப்பாயின் முயற்சி எத்துணைப் பெரிதென்பது விளங்கும்.

சொற்களை ஆக்குவதில் அவர் கொண்ட முறையும் நினைக்கத்தக்கது. முதலிலே தமிழ்ச் சொல் உண்டோ எனத் தேடுதல். இல்லையெனில் வடமொழியை நாடுதல். அதுவும் பொருந்தாவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் எழுதுதல் என்பது அம்முறை. நாட்டு வைத்தியர் வழங்கிய சொற்களை அவர் இகழ்ந்து தள்ளவில்லை. எனவே, நசியமும் வேதுவும் வழங்கிய ஊரிலே, நடுச்செவியையும் அதன் குழாயையுந் தமிழாற் கற்றற்கு வாய்ப்புண்டாயிற்று. பட்டறிவும் உடற்கூறும் ஒரே மொழியிற் சந்திக்கக்கூடிய அரியதொரு வேளை அது.

அவ்வேளை நீடிக்கவில்லை. 1873இல் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கினார். ஊஸ்ரர் நகரிலிருந்தபடியே 1884இல் இறக்கும்வரை தமிழ் நூற்பணியை அவர் கைவிடவில்லை. எனினும் தமிழிலே மேனாட்டு மருத்துவங் கற்பிக்கும் வழக்கம் வேரூன்றவில்லை. 1870இற் கொழும்பிலே தொடங்கிய அரசினர் மருத்துவப் பாடசாலை ஆங்கிலத்தையே போதனாமொழியாகக் கொண்டது. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே நிறுவப்பட்ட மருத்துவ பீடத்தின் போதனையும் ஆங்கிலத்திலேதான் அமைந்தது. உலக மருத்துவத்தோடு தொடர்பு கொள்ளுதற்கு ஆங்கிலம் வேண்டும் என்பதை மறுத்தற்கில்லை. ஆயின் மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையிலே ஒரு மொழி இடைவெளி தோன்றியது. மருத்துவர் அறிந்த குழாய்க்குத் தாய் அறிந்த பெயரில்லை. தாய் கூறும் ‘இறங்கிய தடிமன்’ என்னுஞ் சொற்றொடருக்கு மருத்துவ நூலில் இடமில்லை. தாயின் சொல்லையும் மருத்துவரின் சொல்லையும் இணைக்கத்தக்க வாய்ப்பைப் பெற்றிருந்த ஊரிலே இவ்விடைவெளி உண்டாயிற்று என்பதுதான் வருந்தத்தக்கது.

ஒவ்வாமை என்னுங் கருத்து

குழாய் அடைபடும் என்பது தெளிவாயிற்று. அதனை அடைப்பவை எவை? தடிமனும் மேயர் கண்ட தசைவளர்ச்சியும் இரு காரணங்கள். ஆயின் கிருமியின்றியே ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் மூக்கால் நீரோடித் தும்மி வருந்துவோரும் உளர். இவர்கள் நோய்க்குக் காரணம் யாது?

இலண்டன் நகரத்து மருத்துவர் யோன் பொஸ்ரொக் தம் உடலிலேயே இந்நோயைக் கண்டு 1819இல் அறிஞர் அவையிலே விவரித்தார். பின்னர் மான்செஸ்ரர் நகரத்துச் சாள்ஸ் பிளாக்லி 1873இல் இதற்குக் காரணம் புல்லின் மகரந்தப் பொடியே என நிறுவினார். அவருந் தாமே நோயாளி. மகரந்தத்தைத் தம் தோலின் கீறலிலே தேய்த்துத் தடிப்பு உண்டாதலைக் கண்டார். வானத்திலே மகரந்தம் எவ்வளவு உயரஞ் செல்லும் என அறியக் கண்ணாடித் தகடுகளைப் பட்டத்திற் கட்டிப் பறக்கவிட்டார். தைப்பொங்கற் காலத்திலே வாடைக் காற்றிற் பட்டமேற்றும் வல்வெட்டித்துறையார் அறிந்த கலை, மான்செஸ்ரரிலே மருத்துவ ஆய்வுக் கருவியாயிற்று.

1906இல் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வொன் பிர்க்கே, உடல் அயற்பொருளுக்கு மாறுபட்டுத் துலங்கும் இயல்பைக் குறித்தற்குக் கிரேக்க மொழியினின்றும் ‘அலர்ஜி’ என்னும் புதுச்சொல்லை ஆக்கினார். தமிழிலே அதற்கு வாய்த்த ஒவ்வாமை என்னுஞ் சொல் மிகப் பொருத்தமானது. ‘கத்தரிக்காய் எனக்கு ஒத்துக்கொள்ளாது’ என்று மக்கள் கூறும் வழக்கிலே அதன் பொருள் ஏலவே உண்டு. பொருள் நஞ்சன்று, பிறருக்குத் தீங்கு செய்வதுமன்று, குறித்த ஓர் உடலோடு அது ஒவ்வவில்லை. 1966ஆம் ஆண்டையொட்டி யப்பானிய அறிஞரான இசிசாகா தம்பதியர் அமெரிக்காவிலும், சுவீடன் நாட்டறிஞர் தனியாகவும் ஆராய்ந்து, இதற்கு ஏதுவான புரதத்தைக் குருதியிலே கண்டனர். ‘ஐஜீ-ஈ’ என அதற்குப் பெயராயிற்று. ஒவ்வாப் பொருள் மூக்கிற் படிந்ததும் இப்புரதம் பற்றிய கலங்கள் இசுற்றமீன் முதலிய பொருள்களை வெளிவிடும். மென்றோல் வீங்கும், நீர் பெருகும், தும்மல் எழும்.

மூக்கின் மென்றோல் மூக்கோடு முடிவதில்லை. குழாயின் வழியே நடுச்செவிவரை தொடர்ச்சியாகச் செல்கின்றது. ஆதலின் மூக்கிலே உண்டாகும் ஒவ்வாமை வீக்கங் குழாயின் வாயையும் ஒடுக்குதல் கூடும். யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை மகரந்தம் ஒன்றே காரணமன்று. ஈரமும் வெப்பமுங் கூடிய நாடுகளிலே படுக்கையிலும் தலையணையிலும் வாழும் நுண்ணிய தூசுப் பூச்சி பெருங்காரணம். சோளகக் காலத்திலே செம்மண் நிலத்திலிருந்து எழும் புழுதி, அடுப்புப் புகை, மாரிக்குப்பின் சுவரிற் படரும் பூஞ்சணம் என்பனவும் மூக்கை உறுத்துவன.

ஐயமும் துணிபும்

இவ்வாறு கூடும் என்பதை ஆய்வால் உறுதிப்படுத்தியோர் அமெரிக்காவின் பிற்ஸ்பேக் நகரத்து மருத்துவர். 1983இல் வெளியான அவர்கள் ஆய்விலே, ஒவ்வாமை மூக்குநோயுடையோரின் மூக்கிலே மகரந்தத்தைச் செலுத்தியபோது ஊத்தேக்கியோவின் குழாய் அடைபட்டமை காணப்பட்டது. ஆயின், குழாய் சிறிது நேரம் அடைபடுதல் வேறு. நடுச்செவியிலே நீர் தேங்கி நோயாதல் வேறு. செவியில் நீர் தேங்கிய பிள்ளைகளுள் எத்துணைப் பேர் ஒவ்வாமையுடையோர் என்பதில் ஆய்வுகளின் முடிபுகள் தம்முட் பெரிதும் வேறுபடுகின்றன. ஒவ்வாமை சிலருக்குத் துணைக்காரணம் என்பது பலர்க்கும் உடன்பாடு. அது எல்லார்க்கும் முதற்காரணம் எனல் ஆகாது.

மருத்துவ முறையிலும் இவ்வெச்சரிக்கை உண்டு. அமெரிக்கச் செவி மூக்குத் தொண்டை மருத்துவர் கழகம் 2016இல் வெளியிட்ட நெறிமுறைகள், செவியிலே தேங்கிய நீரைப் போக்குவதற்கென்று ஒவ்வாமை எதிர்ப்பு மருந்தையோ, மூக்கடைப்பு நீக்கியையோ, கிருமிகொல்லியையோ கொடுத்தல் வேண்டா என்கின்றன. பெரும்பாலான பிள்ளைகளுக்கு நீர் தானே வற்றும். ஆகவே, வேறு குறையில்லாத பிள்ளையை மூன்று மாதம் கவனித்திருத்தல் தகும். அதன் பின்னும் நீர் நின்றாற் கேள்வியைச் சோதித்தல் வேண்டும். தேவையாயிற் பறையிலே சிறு துளையிட்டு நுண்குழாய் வைப்பர். 1954இல் ஆம்ஸ்ற்றோங் என்னும் மருத்துவர் புதுக்கிய முறை இது. ஊத்தேக்கியோ வழி அடைத்தபொழுது, காற்றுக்குப் பறையிலே வேறு வழி வகுக்கப்படுகின்றது. மூக்கிலே ஒவ்வாமை இருந்தால் அதற்குரிய மருத்துவத்தை அதன்பொருட்டே செய்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை.

பிறிதொரு வகை நோயும் உண்டு. நீர் தேங்கிய அறையிலே கிருமி பெருகினாற் சீழ் உண்டாகும். பறை துளைபட்டுச் சீழ் வடியும். வாரக்கணக்கிலே வடியுங் காதை ‘சும்மா வடிகிறது’ என விடுதல் பெருந்தவறு. அந்நோய் கேள்வியை மாத்திரமன்றி, அரிதாக மூளையையுந் தாக்கவல்லது. அக்காதுக்குட் காய்ச்சிய எண்ணெயும் இலைச்சாறும் விடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. பறையிலே துளையுள்ளபோது அவ்வெண்ணெய் நேரே நடுச்செவியைச் சென்றடையும். பழையோர் நெறியைப் போற்றுதல் அவர்கள் நோக்கை உணர்தலிலே உள்ளது. உள்ளே இருப்பதைக் காணாது மருந்து விடுதலில் இல்லை.

வகுப்பறையிலே

இவ்வரலாறு முடிவிலே வந்து சேருமிடம் பள்ளிக்கூடம். நடுச்செவியில் நீர் தேங்கிய பிள்ளைக்குக் கேள்வி சராசரி 25 தெசிபெல் அளவு குறையும் என்பர். இரு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு பாடங் கேட்பது போன்ற நிலை அது. முன்னின்று உரத்துப் பேசுவது கேட்கும். கரும்பலகைப் பக்கந் திரும்பிக் கூறுவது கேளாது. ஒரு நாள் நன்கு கேட்கும், மறுநாள் மங்கும். ஆதலின், ‘வேண்டியபோது கேட்கிறான், வேண்டாதபோது கேட்கிறானில்லை’ என்னும் பழி அப்பிள்ளைக்கு எளிதில் வந்து சேரும்.

தமிழ்மொழியின் அமைப்பும் இங்கே கருதத்தக்கது. உயிரொலிகள் வலியன, மெய்யொலிகளிற் பல மெலியன. வந்தான், வந்தாள், வந்தார் என்னும் மூன்றும் ஈற்று மெய் ஒன்றினாலேயே வேறுபடுகின்றன. ஆண்பாலும் பெண்பாலும் பலர்பாலும், அவற்றோடு மரியாதையும், அவ்வோரெழுத்திலே தங்கியுள்ளன. ஈற்று மெய்யைக் கேளாத பிள்ளை சொல்வதெழுதுதலிலே தவறுவான், இலக்கணத்திலே தவறுவான், பெரியோரை மதியாது பேசினான் என்ற ஏச்சையும் வாங்குவான். பிழை அவனுடைய அறிவிலன்று; அறிவுக்குச் செல்லும் வாயிலிலே உள்ளது. கேள்வி குறைந்த ஈராண்டுகள் மொழி வளரும் பருவத்திலே கழிந்தால், செவி நலமடைந்த பின்னரும் கல்வியில் நேர்ந்த இழப்பு எளிதில் நிரம்புவதில்லை.

ஆசிரியர் மருத்துவராதல் வேண்டியதில்லை. வாயால் மூச்சு விடும் பிள்ளையை, உள்ளங்கையால் மூக்கை மேனோக்கி ஓயாது தேய்க்கும் பிள்ளையை, கேட்டதையே மீண்டும் கேட்கும் பிள்ளையை, ஒரு காதைத் திருப்பிக் கேட்கும் பிள்ளையை அவர் அடையாளங் காணலாம். அவனை முன்வாங்கிலே இருத்தலாம். முகத்தை நோக்கிப் பேசலாம். பெற்றோரை அழைத்து, காதை மாத்திரமன்றி மூக்கையும் மருத்துவரிடங் காட்டுமாறு கூறலாம். செலவற்ற இச்செயல்கள் ஒரு பிள்ளையின் கல்வியைக் காத்தல் கூடும். கொப்பனேகனிலே மேயர் பள்ளிக்கூடங்களை நாடிச் சென்றதும் இதன் பொருட்டேயாம்.

கேள்வி என்று ஓர் அதிகாரம் வகுத்துச் செவியாற் பெறுங் கல்வியைப் போற்றியவர் திருவள்ளுவர். அக்கல்வி ஒரு பிள்ளையை அடையாதபோது, அவனைக் கடிந்துகொள்ளுமுன் வழி திறந்திருக்கின்றதோ என வினாவுதல் கற்பிப்போர் கடன். ‘தடிமன் காதுக்குள் இறங்கிவிட்டது’ என்று கூறிய முதியோளின் மொழியிலே வினா பிறந்தது. உரோமாபுரியிலும் வியன்னாவிலும் மானிப்பாயிலும் அதற்கு விடை சிறிது சிறிதாக எழுதப்பட்டது. அவ்விடை இனிப் பயன்படவேண்டிய இடம் கடைசி வாங்கு.